வித்ட்ரா என்ற சொல்லும் ஒரு கோழிக்குழம்பும்

நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் வரமிளகாயும் வதங்கும் வாசனை எங்கிருந்து வந்தாலும் எனக்கு ஓர் ஆங்கில வினைச்சொல் நினைவுக்கு வந்துவிடும். ஆறாம் வகுப்புக் காலாண்டு விடுமுறைக்கு ஆங்கில டீச்சர் ஆளுக்கொரு வினைச்சொல்லைக் கொடுத்து, அதன் பொருள்களையும் அதையொத்த வேறு சொற்களையும் மனப்பாடம் செய்து, சொந்தமாக ஒரு வாக்கியத்தோடு வரச் சொல்லியிருந்தார். என் பங்குக்கு வந்தது 'வித்ட்ரா'.

பெண்களுக்கென்று வார்டுகளை ஒதுக்கி உள்ளாட்சித் தேர்தல் வந்த வருடம் அது. மதுக்கரைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் எங்கள் தெருவுக்கு மட்டும் குடிநீர்க் குழாய் கிடையாது. அம்மாவும் மற்ற பெண்களும் விடியும்போதே குடத்தைத் தூக்கிக்கொண்டு, அப்பாவின் பெரியப்பாவான 'பெரிய அப்பாரு'வின் தோட்டத்துக் கிணற்றுக்குப் போவார்கள். அவர் தன் மருமகளைப் போட்டியில்லாமல் வார்டு மெம்பராக்க நினைத்திருந்தார். குழாய் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன அம்மா, தெருப் பெண்களோடு போய் மனுத்தாக்கல் செய்துவிட்டாள்.

வாபஸ் வாங்கக் கடைசி நாளன்று நடுப்பகலில் அவருடைய அம்பாசிடர் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. மூன்று மணிக்குள் அம்மாவே யூனியன் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் வாபஸ். அப்பா சிமெண்ட் பாக்டரியில் ஷிப்டில் இருந்தார். எங்கள் பக்கத்தில் மிரட்டுவதுகூட மரியாதையாகத்தான் நடக்கும்.

"ஏங்கண்ணு, சொந்தத்துக்குள்ள போட்டி நல்லாவா இருக்குது? ஒரு கையெழுத்துப் போட்டுப்போட்டு வந்தரலாம், காருல ஏறு சாமி. நாளைக்குத் தண்ணிக்கு நம்ம கெணத்துக்குத்தான வரோணும்?"

அம்மா கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டாள்.

"மொதல்ல உக்காருங்க மாமா. இத்தன நாள் கழிச்சு ஊட்டுக்கு வந்துருக்கீங்க, கோழி அடிக்காம அனுப்புனா ஊரு என்னைய என்ன பேசுமுங்க?"

கோழி என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் எங்கள் பக்கத்து விருந்தாளி எழுந்து போக முடியாது. போனால் அந்த வீட்டு உறவே வேண்டாம் என்று சொன்னதாகிவிடும். பெரிய அப்பாரு உட்கார்ந்தார். கோழி பிடிக்கும் வேலை எனக்கு வந்தது; அது வேலி தாண்டி ஓடியது, நானும் அவசரப்படவில்லை. வீட்டில் மிக்சி இருந்தும் அம்மா அன்று மசாலாவை அம்மியில்தான் அரைத்தாள். அவர் கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு டம்ளர் மோர் போனது.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடத்தைப் படித்தேன். வித்ட்ரா என்றால் பின்வாங்கு, விலகிக்கொள், திரும்பப் பெறு, கணக்கிலிருந்து பணம் எடு. படை பின்வாங்கினால் ரிட்ரீட், பயந்து வெடுக்கென்று பின்னால் போனால் ரீகாயில், சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கினால் ரிட்ராக்ட்.

"என்னம்மணி படிக்கறே?"

"பின்வாங்கறதுக்கு இங்கிலீசுங்க அப்பாரு."

"சத்தமாப் படி கண்ணு," என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

இலை போட்டபோது மணி இரண்டரை. வேண்டாம் வேண்டாம் என்றவருக்கு அம்மா மறுசோறு போட்டு ஈரலாகப் பார்த்து வைத்தாள். அவர் கை கழுவ எழுந்தபோது மூன்று அடித்தது.

"கொழம்பு நல்லா இருந்துச்சு கண்ணு," என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

மறுநாள் கிணற்றுக்குப் போகும் கேட்டில் பூட்டுத் தொங்கியது. அவர் செய்த தப்பு அதுதான். காலிக் குடத்தோடு திரும்பிய தெரு மொத்தமும் அம்மாவுக்கு ஓட்டுக் குத்தியது. அடுத்த வருடமே எங்கள் தெருவுக்குக் குழாய் வந்தது. முதல் குடத்தை அம்மாதான் பிடித்தாள், எனக்குத் தலைகால் புரியவில்லை.

இன்று பெரிய அப்பாரு இல்லை, அந்தக் கிணற்றை மூடி சைட் போட்டு விற்றாயிற்று. சொந்தக்காரர்கள் வந்தால் கறிக்கடையில் வெட்டி வாங்கிய கோழி குக்கரில் நாலு விசிலில் வெந்துவிடுகிறது. அவ்வளவு சீக்கிரம் வெந்தால் எந்தத் தேர்தலிலும் ஜெயிக்க முடியாது. ஏ.டி.எம். திரையில் அந்தச் சொல்லைப் பார்க்கும்போது மட்டும், விடுமுறை முடிந்து வகுப்பில் எழுந்து நின்று நான் சொன்ன சொந்த வாக்கியத்தை ஒருமுறை வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன்: மை மதர் டிட் நாட் வித்ட்ரா.