பொங்கல் வாரத்தில் அளந்த ரோடு

எங்கள் வாடகை வீட்டு வாசலில் நின்றால் என் மனைவி வேலை பார்த்த பனியன் கம்பெனியின் கேட் எதிரே தெரியும். நடுவில் ஒரு ரோடு, அவ்வளவுதான். அந்த வீட்டைப் பிடித்ததே அதற்காகத்தான். சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் அவளுக்கு வலது கால் சூம்பிப்போயிருந்தது. கொஞ்ச தூரம் நடந்தாலே இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஆனால் செக்கிங் டேபிளில் உட்கார்ந்துவிட்டால், அவள் கண்ணுக்குத் தப்பி ஓர் ஓட்டை பனியன் பெட்டிக்குள் போகாது. "வேலைக்குப் போறத மட்டும் நிறுத்தச் சொல்லிராதீங்க" என்று கல்யாணத்துக்கு முன்பே என்னிடம் சொல்லிவிட்டாள். நானும் சரி என்றிருந்தேன்.

தொண்ணூறுகளில் எக்ஸ்போர்ட் பெருகப் பெருக அந்த ரோடு திணறிப்போனது. லாரி, கம்பெனி வேன், துணி மூட்டை கட்டிய மொபெட், அதே மூட்டையைச் சுமந்த சைக்கிள், இவற்றுக்கு நடுவே நடக்கிற ஜனம். இதைச் சரிசெய்யப்போகிறோம் என்று அதிகாரிகள் கிளம்பினார்கள். நடப்பவர்களுக்கு ஓரத்தில் நடைபாதை, அதை ஒட்டி சைக்கிளுக்கு வெள்ளைக் கோடு, வண்டிகளுக்கு நடு ரோடு, இரண்டு பக்கத்தையும் பிரிக்க ஒரு சிமெண்ட் சுவர். புத்தி கெட்டுப்போய் நானும் சந்தோஷப்பட்டேன்.

சிமெண்ட் காய்வதற்குள் நடைபாதையில் துணி மூட்டை ஏறிவிட்டது. எங்கள் ஊர்க் கம்பெனிக்காரர்களுக்கு கேட்டுக்கு வெளியே சமமாக ஒரு தரை கிடைத்தால் போதும், அது குடோன்தான். சைக்கிள் கோட்டுக்குள் வேன்கள் நின்றன. நடுச்சுவரோ இடுப்பு உயரம், சிக்னல் வரை ஒரு சந்து கிடையாது. ஆம்பளைகள் தாண்டிக் குதித்தார்கள். சைக்கிள்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூட்டையோடு சைக்கிளைச் சுவருக்கு மேலே தூக்கிக் கொடுத்தார்கள். அதைப் பார்க்கிற யாருக்கும் இந்தச் சுவரைக் கட்டியவனை நாலு வார்த்தை கேட்கத் தோன்றும்.

என் மனைவியால் தாண்டவா முடியும்? அவள் சிக்னல் வரை நடந்து, ரோட்டைக் கடந்து, மறுபக்கம் அவ்வளவு தூரமும் திரும்பி வரவேண்டும். நடைபாதையில் மூட்டை, இறங்கினால் வேன், அதையும் சுற்றினால் லாரிக்கு முன்னால். போய்ச் சேர்வதற்குள் கேட்டைச் சாத்திவிடுவார்கள், அரை ஷிப்ட் சம்பளம் போய்விடும். நான் கட்டிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த கம்பெனி ஊருக்கு வெளியே. அந்தக் கம்பெனி வேன் விடியும் முன்பே வந்துவிடுவதால் அவளைக் கொண்டுபோய் விடவும் எனக்கு வழியில்லை. "இப்படியே லேட்டானா வேற ஆளப் போட்டுருவோமுங்க" என்று சூப்பர்வைசர் அவளிடம் சொல்லிவிட்டார்.

லீவு போட்டுவிட்டு, ரோட்டு வேலையைப் பார்த்த அதிகாரியிடம் போனேன். மரியாதையான மனிதர், உட்காரச் சொன்னார்.

"கம்பெனிக்கு நேரா ஒரு எடவெளி விட்டிருக்கலாமுங்களே" என்றேன்.

"அங்க ரோட்டக் கடக்கறதுக்கு ஆளே இல்லீங்க. நாங்க நின்னு எண்ணிப் பாத்துத்தானுங்க போட்டோம்."

"எப்பங்க எண்ணுனீங்க?"

"பொங்கலுக்கு மறாநாள்ல இருந்து அந்த வாரம் பூராவும். அப்பத்தானுங்க வண்டித் தொந்தரவு இல்லாம ரோட்டுல நிக்க முடியும்."

பொங்கலுக்குக் கம்பெனிகளைப் பூட்டினால் மதுரைக்காரர், திருநெல்வேலிக்காரர், ராமநாதபுரத்துக்காரர் எல்லோரும் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். அந்த வாரம் எங்கள் ரோட்டில் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடலாம். ஊர் காலியாகக் கிடக்கிற வாரமாகப் பார்த்து எண்ணியிருக்கிறார்கள், அதுவும் சிரமமில்லாமல் எண்ணுவதற்காக! இதைச் சொன்னால், "நீங்க சொல்றது வாஸ்தவந்தானுங்க. மறுபடி எண்ணோணும்னா மேல எழுதிக் கேக்கோணுமுங்க. டீ சாப்புடறீங்களா?" என்கிறார். டீயாம். எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த சில நாட்களில் அவளுக்கு இடுப்பு சுத்தமாகப் பிடித்துக்கொண்டது. படுத்துவிட்டாள். படுத்தபடியே ஜன்னல் வழியாக அந்த கேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்குத்தான் தாங்கவில்லை.

அந்தச் சமயம் கம்பெனிக்கு ஜெர்மனியிலிருந்து பனியன் வாங்குகிற பையர் வருவதாக இருந்தது. வருகிற வெள்ளைக்காரர் சிக்னல் வரை போய்ச் சுற்றிக்கொண்டு வந்தால் கம்பெனிக்குக் கேவலம் என்று முதலாளி நினைத்தாரோ என்னவோ, ஒரு நாள் நான் வேலை விட்டு வருகிறேன், கேட்டுக்கு நேராகச் சுவரை உடைத்துப் பாதை விட்டிருக்கிறார்கள். நடைபாதையில் ஒரு மூட்டை இல்லை. எண்ணவும் இல்லை, மேலே எழுதிக் கேட்கவும் இல்லை. கோபம் வந்தது, ஆனாலும் ஓடிப்போய் முதலில் அவளிடம்தான் சொன்னேன்.

மறுநாள் காலையில் என் வேனைப் போகச் சொல்லிவிட்டு வாசலில் நின்றேன். இடுப்பு வலி முழுதாக விடவில்லை. இருந்தும் தலை வாரிப் பூ வைத்து, டிபன் பாக்ஸோடு கிளம்பிவிட்டாள். நேராக நடந்து கடந்தாள். கேட்டில் சூப்பர்வைசர் வெளியே வந்து ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அவள் உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். புதுப் பாதையில் வளைந்து திரும்புவதற்கு வந்த கார் ஒன்று அவளுக்காக நின்றது. டிரைவர் கையைக் காட்டி, "போங்கம்மா" என்றார்.

அவசரமில்லாமல் நடந்து என்னிடம் வந்தாள்.

"எம்பட டேபிள்ல வேற புள்ள உக்காந்திருக்குதுங்க" என்றாள்.