எண் மட்டும் எழுதிய முகங்கள்

போன கிழமை மார்க்கம் நகரில், எங்கள் அலுவலகக் கார்த் தரிப்பிடத்தில் நின்று, சென்னைக்காரப் பொடியன் ஒருவன் தன் புதுக் கிரிக்கெட் மட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிக்கொண்டிருந்தான். "செம வாசனை இல்ல ப்ரோ?" என்று மட்டையை என் மூக்கருகே நீட்டினான். நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டேன். அது யோனாஸின் வீட்டு மணம்.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். சனி ஞாயிறுகளில் வோபர்ன் பகுதியில் இருந்த வரதண்ணையின் லொறியில் வீடு மாற்றும் வேலை. எங்கள் குடும்பத்தில் முதன்முதல் பள்ளிக்கூடம் போய்ப் பல்கலைக்கழகம் வரைக்கும் வந்தவன் நான் என்பதால் அண்ணை எனக்குக் 'கம்பஸ்' என்று பேர் வைத்திருந்தார். கட்டிலின் திருகாணியைக் கழற்றத் தெரியாமல் நான் முழிக்கும்போது அந்தப் பேரை இன்னும் பலமாகக் கூப்பிடுவார்.

யோனாஸ் லித்துவேனியா நாட்டு ஓவியர். தொண்ணூறு தாண்டியவர், கண்ணும் மங்கியவர். முதியோர் இல்லத்துக்குப் போகவிருந்தார். விட்பி நகரிலிருந்து வந்த அவருடைய பெறாமகள், தம்பியின் மகள்தான் வீட்டைக் காலிசெய்ய எங்களைக் கூப்பிட்டிருந்தார். கதவைத் திறந்ததும் வர்ணம் குழைக்கிற ஆளிவிதை எண்ணெய் மணம். சுவர் முழுக்க மனிதர்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு ஜெர்மனி அகதி முகாமிலும், பிறகு இங்கேயும், அவர் முன்னால் வந்து உட்கார்ந்த அவருடைய நாட்டுச் சனங்கள். வெடித்த உதடு, நூல் பிரிந்த கொலர், உடுப்புத் தோய்த்துச் சுருங்கிய விரல். ஒருவரையும் அவர் அழகுபடுத்தவில்லை. "இருக்கிறதை விட்டுவிட்டால் அது அவர்கள் இல்லை" என்றார்.

வரதண்ணை ஒரு படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். "டேய், உவன் எங்கட பழைய சுப்பவைசர் மாதிரியெல்லோ முறைக்கிறான். லேற்றா வந்திட்டமோ?"

நான் ஆங்கிலத்தில் சொன்னதும் யோனாஸ் இருமி இருமிச் சிரித்தார். "அவர் பல் வைத்தியர். வாயைத் திறக்கச் சொல்லித்தான் அப்படி முறைப்பார்."

படங்களின் பின்பக்கத்தில் எண் மட்டும் இருந்தது. ஏன் என்று கேட்டேன். பேர் எழுதினால், ஊரில் விட்டுவந்த தாய் தகப்பனை அங்கத்தைய இரகசியப் பொலிஸ் கூட்டிக்கொண்டுபோய் விசாரிக்குமாம். எனக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் வீட்டு அல்பத்திலும், ஊரில் இராணுவத்துக்குப் பயந்து முகம் வெட்டி எடுத்த படங்கள் உண்டு. "பேரெல்லாம் பத்திரமாக இருக்கு" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம். பேரைத் தேடுவதிலேயே பாதி வாழ்நாளைக் கழித்த மனிதர் அவர். அவருடைய நாட்டில் தெருவோரங்களில் மரத்தில் செதுக்கிய புனிதர் சிலைகள் நிற்குமாம். செதுக்கியவர்கள் கையெழுத்துப் போடுவதில்லை. பழைய தேவாலயப் பதிவேடுகளைக் கிண்டி, அந்தத் தச்சர்களின் பேர்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து ஒரு தடித்த புத்தகம் எழுதியிருந்தார். அதை நான்தான் போர்வையில் சுற்றி லொறியில் ஏற்றினேன், குழந்தையைத் தூக்குவது போல. புத்தகம் என்றால் எனக்கு அவ்வளவு மரியாதை.

அவரைப் பெறாமகள் கூட்டிக்கொண்டு போன பிறகு, சமையலறை அலுமாரிக்கு மேலே காலணிக்கடையில் தருகிற சப்பாத்துப் பெட்டிகள் இரண்டு கிடைத்தன. உள்ளே நெருக்கி எழுதிய அட்டைகள்.

"கம்பஸ், உதென்னெண்டு பார். நீதானே படிச்சனி."

ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கொக்கியும் புள்ளியும் வைத்த எழுத்துகள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. மூலையில் ஒரு எண் இருந்தது. கண்டேன். கண்டும் அது எதன் எண் என்று மூளையில் ஓடவில்லை.

"பழைய குறிப்பு அண்ணை. தேவையில்லை."

நீல ரீசைக்கிள் தொட்டிக்குள் நானே கொட்டினேன். திங்கட்கிழமை காலை குப்பை லொறி வந்து அதை வெறுமையாக்கியது. செவ்வாய்க்கிழமை பெறாமகள் தொலைபேசியில் கேட்டார்: "பெரியப்பா இரண்டு சப்பாத்துப் பெட்டி கேட்கிறார். எதற்குள் வைத்தீர்கள்?"

அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன், பெறாமகளிடம் பிறகு. அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அதனால் வீட்டுக்கு வருகிற பீற்சாக்கடை விளம்பரத்தைக்கூட எறியாமல் ஒரு பையில் சேர்த்து வைப்பா. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன் நான்.

"வாசிக்கத் தெரியாட்டி எறியக்கூடாது தம்பி" என்றா. சோறு போட்டா.

படங்களைப் போனில் எடுத்துக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போனேன். பெரிதாக்கி அவர் கண்ணருகே பிடித்தேன். சிலருக்குப் பேர் சொன்னார். அடுத்த முறை அதே பேர்களை வேறு ஆட்களுக்குச் சொன்னார். நான் கொப்பியில் எழுதுவதும் வெட்டுவதுமாக இருந்தேன். ஒவ்வொரு முறையும், "பெட்டியில் இருக்கு, கொண்டு வந்தாயா?" என்பார். "தேடிக்கொண்டிருக்கிறோம்" என்பேன். கடைசி வரைக்கும் அதைத்தான் சொன்னேன். அவர் அதை நம்பியபடியே செத்துப்போனார்.

அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். வரதண்ணையும் லொறியை விற்றுவிட்டார். படங்களைப் பெறாமகள் அவர்களுடைய தேவாலய மண்டபத்தில் ஒருமுறை காட்சிக்கு வைத்தார். என் கையெழுத்து நல்ல வடிவு என்று, ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒட்டுகிற சீட்டை என்னையே எழுதச் சொன்னார். உண்மை தெரிந்தும் அவர் என்னைத் திட்டியதில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். பெயர் தெரியாத பெண். பெயர் தெரியாத முதியவர். பெயர் தெரியாத பெண். கை உளையும் வரைக்கும் எழுதினேன். பிரிந்த நூல் தெரிகிறது, வெடித்த உதடு தெரிகிறது. அந்த உதட்டுக்குரியவளைக் கூப்பிட வழியில்லை.

ஒரே ஒரு சீட்டில்தான் வேறு எழுதினேன்: பல் வைத்தியர். வரதண்ணை அன்றைக்குப் பகிடி விட்டபடியால் அந்த ஒன்றாவது மிஞ்சியது.