கடலைப் பார்க்காத ராணி: தேவனாம்பட்டினத்திலிருந்து சிதம்பரத்துக்கு ஒரு நாள்

கிரேக்கப் புராணங்களை இன்றைய நாவலாசிரியர்கள் மாற்றி எழுதிய கதைகளைப் பற்றிப் பேசுவதற்காக, 2010 ஆகஸ்ட்டில் ஒரு சனிக்கிழமை கடலூரிலிருந்து சிதம்பரம் போனோம். சிதம்பரம் போகிறவர்கள் சொல்லும் காரணங்களில் இது சேராது என்று எனக்கே தெரியும். பேசப் போனது நான் அல்ல, என் தோழி எழிலரசி. நான் துணைக்குப் போனேன்.

எழிலுக்கு முப்பத்து மூன்று வயது. தேவனாம்பட்டினத்து மீனவக் குடும்பம். கணவர் சேகர் விசைப்படகில் போகிறவர். இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தபால் வழியில் ஆங்கில எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். என் அலுவலகத்துக்கு ஒரு காப்பீட்டு விண்ணப்பத்தோடு வந்தவள், என் மேஜையில் கிடந்த நாவலைப் பார்த்து, “யக்கா, படிச்சிட்டு இத எனக்குக் குடுப்பீங்களா?” என்று கேட்டதில் தொடங்கிய நட்பு. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் புதுச்சேரி நடைபாதைக் கடைகளில் பழைய புத்தகங்கள் வாங்கி வந்து, மாலை நாலு மணிக்குக் கடற்கரையில் உட்கார்ந்து சேர்ந்து படிப்போம்.

போர்க்கப்பல்களுக்குக் காற்று வேண்டும் என்பதற்காக ஒரு கிரேக்க அரசன் தன் மகளையே பலி கொடுக்கும் கதையைப் படித்த அன்று அவள் புத்தகத்தை மூடிவிட்டாள். “காத்து வரலன்னா வலையப் பின்னிக்கிட்டு ஒக்காந்திருக்க வேண்டியதுதான? அதுக்குப் பொண்ணயா வெட்டுவான்?” இந்த மாதிரி விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை.

அதனால்தான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரி இதே தலைப்பில் ஒருநாள் கருத்தரங்கு நடத்துகிறது என்று தெரிந்ததும் அவளை எழுதச் சொல்லி விரட்டினேன். கட்டுரையைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பதினைந்து நிமிடம் பேச வேண்டும், ஆங்கிலத்தில்.

சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். சேகர் போன படகு வெள்ளிக்கிழமை மத்தியானமே வந்திருக்க வேண்டும், இன்னும் வரவில்லை. போன் எடுக்கவில்லை. கூடப் போன மற்ற படகுகள் கரைக்கு வந்துவிட்டன.

“புருஷன் கடல்ல கெடக்கான், இவ சீவி சிங்காரிச்சுக்கிட்டு கெளம்புறா,” என்றார் அவள் மாமியார்.

நான், “எழில், வேணாம். போன் பண்ணிச் சொல்லிடலாம்,” என்றேன்.

அவள் புடவைக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தாள். மாமியாரைப் பார்த்து, “அத்தை, தேடுறதுக்கு நம்ம ஊரு படகு ரெண்டு போயிருக்குது. நான் இங்க நின்னா அது வேகமாப் போவுமா? சேதி வந்தா ஒடனே போன் பண்ணுங்க, அடுத்த பஸ்ஸ புடிச்சு வந்துடறேன்,” என்றாள். குரல் நடுங்கவில்லை. ஊக்குதான் குத்த வராமல் நழுவியது. ஊக்கை நான் வாங்கிக் குத்திவிட்டேன்.

ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு ஆறு ரூபாய், கால் மணி நேரத்தில் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையம். ஆறு நாற்பது பேருந்தில் சிதம்பரத்துக்கு ஆளுக்குப் பதினைந்து ரூபாய். சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். ஓ.டி. என்று சொல்லும் கடலூர் பழைய நகரத்தைத் தாண்டி, தொழிற்சாலைகளின் ரசாயன வாடை அடங்கும் வரை ஜன்னலை மூடி வையுங்கள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் பக்கம் வயல்காற்று நன்றாக இருக்கும். எழில் எதையும் பார்க்கவில்லை. மடியில் கட்டுரை, கையில் போன். சிக்னல் கோடுகளை எண்ணிக்கொண்டே வந்தாள்.

எட்டு மணிக்குச் சிதம்பரம். பேருந்து நிலையத்துக்கு எதிரே இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் சாப்பிட்டோம், இரண்டு பேருக்கும் காபியோடு நாற்பத்திரண்டு ரூபாய். கொத்சு பிரமாதம், நான் இரண்டு தடவை கேட்டு வாங்கினேன். எழில் ஒரு இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்தாள். நேரம் இருந்ததால் பத்து நிமிடம் நடந்து கீழவீதிக்குப் போனோம். கோபுரத்துக்கு வெளியே நின்றபடியே கும்பிட்டாள். “உள்ள வந்தா போன அணைக்கணுமே,” என்றாள்.

கருத்தரங்கில் அவள் முறை பதினொன்றே காலுக்கு. போனை என்னிடம் கொடுத்துவிட்டு மேடை ஏறினாள். எழுதி வைத்ததை இரண்டு பக்கம் ஒழுங்காக வாசித்தாள். மூன்றாவது பக்கத்தில் நிறுத்திவிட்டாள். முன்வரிசையில் யாரோ கடிகாரத்தைப் பார்த்தார். நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

அவள் தாள்களைக் கீழே வைத்தாள். “தமிழ்ல சொல்லலாங்களா?”

அமைப்பாளர் தயங்கினார். தலைமை வகித்த பேராசிரியை, “சொல்லும்மா,” என்றார்.

“இந்த நாவல்ல ராஜா கடல் தாண்டிச் சண்டைக்குப் போறாரு. வர இருவது வருஷமாவுது. அந்த ராணி தெனமும் பாறைமேல ஏறி நின்னு கடலப் பாக்கறான்னு எழுதியிருக்காங்க. நான் கடலோரத்துல பொறந்து அங்கயே வாக்கப்பட்டவ. எங்க தெருவுல ஒருத்தியும் அப்படி நிக்கமாட்டா. அவ பாறைமேல நின்னா அரமனைய யாரு பாக்கறது? புள்ளைக்கு யாரு சோறு போடறது? எங்களுக்குக் கண்ணு வேலையில இருக்கும், காதுதான் கடல்ல இருக்கும். எந்தப் படகு இஞ்சின் எப்படிச் சத்தம் போடும்னு தூக்கத்துலயும் தெரியும். இத எழுதுனவங்க அவள கரையிலேர்ந்து பாத்திருக்காங்க. அவளுக்குள்ள நின்னு பாக்கல.”

பின்வரிசையில் செல்போன் நோண்டிக்கொண்டிருந்த மாணவர்கள் நிமிர்ந்தார்கள். ஒரு பேராசிரியர் எழுந்தார். “காத்திருப்பது ஒரு தவம் இல்லையா? அவள் கடலையே பார்க்கவில்லை என்றால், அவன்மேல் அவளுக்கு அன்பு இல்லை என்றாகிவிடாதா?”

எழில் அவரை நேராகப் பார்த்தாள். “சார், என் வூட்டுக்காரரு நேத்து மத்தியானம் கரைக்கு வரவேண்டியவரு. இன்னும் வரல. நான் இங்க நின்னு பேசிக்கிட்டு இருக்கேன். எனக்கு அன்பு இல்லன்னு சொல்லுங்க பாப்போம்.”

அந்தப் பேராசிரியர் உட்காரவில்லை. நின்றபடியே முதலில் கை தட்டியவர் அவர்தான். பிறகு அரங்கமே தட்டியது.

அவள் கீழே இறங்கும்போது என் கையில் இருந்த அவள் போனில் ஆறு தவறிய அழைப்புகள். அவள் பேச்சிலும் கைத்தட்டலிலும் அதிர்வு எனக்குத் தெரியவில்லை. எல்லாம் வீட்டு எண். இருவரும் தாழ்வாரத்துக்கு ஓடினோம். அவளால் பொத்தானை அழுத்த முடியவில்லை. நான் அழுத்தி அவள் காதில் வைத்தேன்.

மாமியாரின் குரல் எனக்கே கேட்டது. “வந்துட்டான்டி! இஞ்சின் நின்னுபோச்சாம், கட்டி இழுத்துக்கிட்டு வந்திருக்கானுவ. வந்ததும் சோத்தப் போடுன்னு ஒக்காந்திருக்கான். நீ பேசிட்டியா இல்லியா?”

“பேசிட்டேன் அத்தை,” என்று சொல்லிவிட்டு, தாழ்வாரத்துத் தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, “யக்கா, சாப்பாடு எங்க போடறாங்க?” என்றாள்.

நாலு மணிக்குச் சிறந்த கட்டுரைக்கான முடிவைச் சொன்னார்கள். முதல் பரிசும் சான்றிதழும் அவளுக்கு. தொகுப்பில் அச்சாகும் என்றும், அவள் தமிழில் பேசியதையும் எழுதித் தரவேண்டும் என்றும் பேராசிரியை சொன்னார். நான் கத்திவிட்டேன். அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக அடக்க ஒடுக்கமானவள் என்று பெயர் எடுத்தவள் நான்.

திரும்பிய கதைக்கு முன், போக நினைப்பவர்களுக்கு ஓரிரு விஷயங்கள். காலை ஏழுக்குள் கிளம்பினால் உட்கார இடம் கிடைக்கும். சிதம்பரத்தில் கோயில் மதியம் நடை சாத்திவிடும், அதற்கு முன்பே போய்விடுங்கள். தேவனாம்பட்டினத்தில் படிக்க விரும்பினால் மாலை நாலிலிருந்து ஆறு வரை நல்ல வெளிச்சம், காற்று மட்டும் ஜாஸ்தி. ஆகாய நீலத்தைப் படம் எடுப்பதோடு நிறுத்தாமல், பக்கத்தில் வலை உலர்த்துகிறவர்களிடம் நீங்கள் படிக்கும் கதையைச் சொல்லிப் பாருங்கள். நான் இத்தனை வருடம் படித்த முன்னுரைகளில் கிடைக்காதது அங்கே கிடைத்தது.

நாலு ஐம்பது பேருந்தில் எங்கள் பக்கத்தில் காலி மீன்கூடையோடு ஒரு அம்மா உட்கார்ந்தார். சான்றிதழைப் பார்த்து, “இன்னா பரிசு?” என்றார். எழில் ராணி கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். புவனகிரியில் முன்சீட்டுக்காரர்கள் திரும்பி உட்கார்ந்தார்கள். புதுச்சத்திரத்தில் நடத்துநர் டிக்கெட் போடுவதை நிறுத்திவிட்டு, “இருவது வருஷம் கழிச்சு பிச்சக்காரன் மாரி வந்தானா? அப்பறம்?” என்றார்.

அதற்குள் ஓ.டி. வந்துவிட்டது. மீன்கூடை அம்மா இறங்கியே ஆகவேண்டும். இறங்கியவர் போகாமல், ஜன்னலுக்குக் கீழே வந்து கூடையால் பேருந்தைத் தட்டினார்.

“ஏம்மா, அவன உள்ள உட்டாளா இல்லியா? அதச் சொல்லிட்டுப் போ!”

நடத்துநர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் காத்திருந்தார். எழில் தலையை வெளியே நீட்டினாள்.

“ஒடனே உடல! நம்ம கட்டில எடுத்து வெளிய போடச் சொல்றேன், அதுல படுத்துக்கன்னா. அது மரத்து வேரோட செதுக்குன கட்டிலு, நவுத்த முடியாது. அது அவங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும். எவன்டி என் கட்டில நவுத்தினதுன்னு கத்துனான் பாருங்க, அப்பதான் உட்டா!”

“கெட்டிக்காரி!” என்று அந்த அம்மா கூடையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். நடத்துநர் விசில் ஊதினார்.