என் தோஷத்தை இழுத்த ஓப்பல்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ராசிக்கல் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். என் மோதிரத்துக்கான ஓப்பல் கல்லைக் கடைக்காரர் என் கண்முன்னாலேயே அரைத்துக் குமிழ்போல உருட்டிக்கொண்டிருக்கிறார். ஓப்பல் மென்மையான கல், சூடு தாங்காது. தண்ணீர் சொட்டச் சொட்டத்தான் அரைக்க வேண்டும். இவருடைய சொட்டுக் குழாயோ காய்ந்து கிடக்கிறது. ஒரு கையில் கைப்பேசி, மறு கையில் என் கல். கத்திக்குச் சாணை பிடிப்பவர்போல அதைச் சக்கரத்தில் அழுத்துகிறார்.

‘டிக்’ என்று ஒரு சத்தம். கல்லின் குறுக்கே விரிசல்.

மனிதர் முகத்தில் வருத்தமே இல்லை, பக்தி பொங்குகிறது.

“அண்ணே, நல்ல சகுனம் லா! உங்க தோஷத்தை கல்லு இழுத்துக்கிச்சு.”

“நான் இன்னும் விரல்லயே போடலையே?”

“பேரும் நட்சத்திரமும் சொன்னீங்கள்ல, அது போதும் பாஸ். பவர் உள்ள கல்லு.”

தண்ணீர் ஊற்றச் சோம்பல்படுகிறவரின் கண்ணுக்கு என் கிரகம் மட்டும் பளிச்சென்று தெரிகிறது.

வேறு கல் எடுக்க மேசை டிராயரைத் திறக்கிறார். உள்ளே ஒரு பிஸ்கட் டின் நிறைய, பாதி அரைத்து விரிசல் விட்ட கற்கள். இந்த ஊரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கின் மொத்த தோஷமும் அதில்தான் இருக்கிறது. அத்தனையையும் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மனிதர் கொழுகொழுவென்றுதான் இருக்கிறார்.