அஸ்திவாரம் மட்டும் கட்டிய கம்ப்யூட்டர்

சென்ற ஞாயிறு மாலை சரியாக நான்கு மணிக்கு, நீடாமங்கலத்தில், என் தம்பி கணேசன் தன் புது கேமிங் கம்ப்யூட்டரை ஆன் செய்தான். வயது ஐம்பத்திரண்டு. தம்பிக்கு.

நான்கு பத்துக்கு விளையாட்டு தொடங்கியது. நான்கு பதினான்குக்கு நின்றுவிட்டது. நேரத்தைக் குறித்தது நான்தான். முதல் மழை, வாய்க்காலில் தண்ணீர் வந்த நாள், பக்கத்து வீட்டுக் கன்று பிறந்த நேரம் – எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைக்கிறவன் என்பது இந்தப் பக்கத்தை வாரம்தோறும் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும்.

ஆறு ஏக்கர் நெல் போடுகிறவனுக்குத் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு எதற்கு? நானும் கேட்டேன். பதில் சிங்கப்பூரில் இருக்கிறது.

அவன் மகன் பிரவீன் அங்கே வேலைக்குப் போய் மூன்றாவது வருடம். அம்மாவிடம் அரை மணி நேரம் பேசுவான். அப்பாவிடம் போன் போனால்…

“சாப்ட்டியா?”

“ம்.”

“வேலைல்லாம்?”

“போவுதுப்பா.”

“அப்பறம்?”

“அப்பறம்… வெச்சிடவா?”

ஐம்பது வினாடி. போனிலேயே பதிவாகியிருக்கிறது.

ஒரு விடுமுறைக்கு வந்தவன், வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் அப்பாவுக்கு விளையாடச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் நான்கு முதல் ஆறு வரை இருவரும் ஒரே அணி. “அப்பா, செவத்த ஒட்டி நில்லுங்க!” “டேய், ஒன் பின்னால ஒருத்தன் வர்றான்டா!” இதற்கு நடுவில்தான் மற்ற செய்திகள் வரும். முதுகுவலி, ரூமைக் காலி செய்யச் சொன்னது, ஒரு நண்பனோடு சண்டை… எல்லாமே யாரையாவது சுட்டுக்கொண்டிருந்தபோது சொன்னவை. போனில் ஒன்றுகூட வந்ததில்லை.

ஆனி மாதம் பிரவீனும் அவன் நண்பர்களும் ஒரு புது விளையாட்டுக்கு மாறினார்கள். பழைய கம்ப்யூட்டரில் அது திறக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஐம்பது வினாடி ஆயிற்று.

“நான் வாங்கித் தரேன்ப்பா” என்றிருக்கிறான் மகன். கணேசன் என்னிடம் வந்து பொருமினான்.

“அவன் காசுல வாங்கி, அதுல அவன்கிட்டயே திட்டு வாங்கணுமாண்ணே?”

குறுவை நெல் விற்ற பணத்தில் அறுபதாயிரம் ஒதுக்கினான். மேலே ஒரு ரூபாய் கிடையாது; அடுத்த போகம் தாளடிக்கு உரம் வாங்க வேண்டும். இன்னொரு நிபந்தனை – பிற்பாடு ஒவ்வொன்றாக மாட்டிப் பெரிதாக்கிக்கொள்ளும்படி இருக்க வேண்டும்.

புரட்டாசி கடைசிச் செவ்வாயன்று இருவரும் தஞ்சாவூர் போனோம். கடையில் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்கிறவர் சுமதி என்ற பெண். பொறுமைசாலி.

“பின்னால பெருசாக்கணும்னா மதர்போர்டு நல்லதா இருக்கணுங்க சார். எல்லாத்தையும் அதுலதான் செருகணும். பவர் சப்ளையும் தாங்குற மாதிரி போட்டுக்குங்க.”

கணேசனின் முகம் மலர்ந்தது. “மாடிக்குக் கம்பி வுட்டு வெக்கிற மாதிரி!”

எங்கள் பக்கத்தில் யார் வீடு கட்டினாலும் மொட்டை மாடியில் தூண்களின் கம்பியை வெட்டாமல் நீட்டி விட்டுவிடுவோம். நாளைக்கு மாடி எடுக்க வேண்டாமா? கும்பகோணத்திலிருந்து மன்னார்குடிக்கு பஸ்ஸில் போய்ப் பாருங்கள், வழியெல்லாம் வானத்தைப் பார்த்து நிற்கும் கம்பிகள். அஸ்திவாரம் இரண்டு மாடிக்கு. மேலே ஒரு தண்ணீர்த் தொட்டி. என் வீட்டுக் கம்பிகளுக்குப் பத்தொன்பது வயது. துணி காய்கிறது.

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு கணேசனை நிறுத்த முடியவில்லை. கடையிலேயே பெரிய மதர்போர்டு. கம்ப்யூட்டரோடு சேர்த்து வீட்டு கிரைண்டரையும் ஓட்டிவிடும் போலிருந்த ஒரு பவர் சப்ளை. அரிசி டிரம் உயரத்துக்கு ஒரு கேபினெட்.

சுமதி பதறிப்போனார். “சார், கார்டுக்குக் காசே மிஞ்சாதுங்க. அது இல்லாமலும் படம் தெரியும், ஆனா பெரிய கேம் ஓடணும்னா கிராபிக்ஸ் கார்டு வேணும். போர்டக் கொஞ்சம் கொறைச்சுக்குங்க.”

“கார்ட தை மாசம் மாட்டிக்கலாம்மா. அஸ்திவாரத்துல கை வெக்கக் கூடாது.”

அவர் என்னைப் பார்த்தார். படித்தவர் மாதிரி இருக்கிறீர்களே, நீங்களாவது சொல்லுங்களேன் என்கிற பார்வை. ஒரு வாரம் இதைப் பற்றியே வாசித்து, பதினோரு பக்கம் குறிப்பெடுத்துக்கொண்டு போனவன் நான். முதல் பக்கத்திலேயே ‘கார்டுதான் முக்கியம்’ என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். என்ன செய்தேன்? கம்பி என்றதும் தலையாட்டிவிட்டேன்.

வரப்போகிறவற்றுக்கெல்லாம் இடம் விட எங்களுக்குத் தெரியும். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன வேண்டும் என்று கேட்கத்தான் தோன்றவில்லை.

இனி, நான்கு பதினான்கு. திரையில் கணேசனின் சிப்பாய் ஒரு காலைத் தூக்கினான். மறு காலை எடுத்து வைப்பதற்குள் மூன்று பேர் வந்து சுட்டுவிட்டுப் போனார்கள். பிறகு அவன் அசையவே இல்லை.

ஸ்பீக்கரில் பிரவீன் கேட்டான். “அப்பா, என்ன கார்டு போட்டிருக்கீங்க?”

“எடம் வுட்டுருக்கேன்டா.”

“எடமா?” குரல் என் பக்கம் திரும்பியது. “பெரியப்பா, நீங்களும் கூடத்தானே போனீங்க?”

“நான் நேரம் குறிச்சேன்ப்பா” என்றேன்.

“ஒன் கூட்டாளிங்க காத்திருப்பாங்க. நீ போயி வெளயாடு” என்று சொல்லிவிட்டுக் கணேசன் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினான். இந்த ஞாயிறுக்காக நான்கு மாதம் காத்திருந்த கை. நான் நோட்டை மூடிவிட்டேன்.

“வெக்காதீங்கப்பா! இருங்க, இருங்க.”

பத்து நிமிடத்தில் வேறொரு விளையாட்டை இறக்கச் செய்தான். கார்டே தேவைப்படாத பொம்மைப் படம். நிலத்தைக் கொத்துவது, விதைப்பது, தண்ணீர் ஊற்றுவது, விற்பது.

“வெவசாயமா? டேய், வாரத்துல ஆறு நாளும் அதத்தான்டா பண்றேன்!”

“ஏழாவது நாளும் பண்ணுங்க.”

பண்ணினான். கால் மணி நேரத்தில் கத்தரி காய்ந்தது. அடுத்து வெங்காயம் அழுகியது. பக்கத்து வயலில் பிரவீனுக்கு அமோக விளைச்சல்.

“இந்த சீசன்ல யாராச்சும் வெங்காயம் போடுவாங்களாப்பா?”

“வடிகாலே இல்லாத ஊருடா இது! இதெல்லாம் ஒரு நெலமா?”

“நெலத்தக் கொற சொல்லாதீங்க. வேணும்னா என் வயலுக்குக் கூலிக்கு வாங்க.”

“என்ன குடுப்ப?”

“டீ, வடை.”

கணேசன் போனான். மகன் வயலில் ஒவ்வொரு செடியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தான். நாலாவது வரிசையில் இருந்தபோது ஸ்பீக்கரில் குரல் வந்தது.

“அப்பா… அந்த வேலை போயிடுச்சுப்பா. பத்து நாளாச்சு. அடுத்த வாரம் வேற எடத்துல சேர்றேன். அம்மாட்ட சொல்லல.”

கணேசன் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. “சரி. செலவுக்கு வெச்சிருக்கியா?”

“இருக்குப்பா.”

“அந்த ஓரத்துச் செடி வாடுது பாரு.”

எழுந்தபோது மணி ஏழு பத்து.

புதன்கிழமை போன் செய்து, தை மாதத்துக்குள் கார்டு வாங்கிவிடலாம், ஒன்றிரண்டு விலை விசாரித்து வைத்திருக்கிறேன் என்றேன்.

“அதுக்கு என்னண்ணே இப்ப அவசரம்? பயலும் நானும் கூட்டா நாத்து விட்டுருக்கோம்.”

நிஜ வயலுக்கு நாற்று விட்டாயிற்றா என்று நான் கேட்கவில்லை.