பட்டிமேட்டில் சாணி தெளித்த காலை

பழைய இடங்களைத் தோண்டும் உத்தியோகத்தில் மண்ணுக்குள்ளிருந்து எது வேண்டுமானாலும் வரும். பாராட்டு மட்டும் லேசில் வராது. மேலதிகாரியிடம் குப்பை கொட்டிய அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மேட்டூர் அணை கட்டிக்கொண்டிருந்த சமயம். எடப்பாடிப் பக்கம் பட்டிமேடு என்றொரு மேட்டுக்காடு. பாளையக்காரர் காலத்தில் அங்கே மந்தை மந்தையாக மாடுகளை அடைத்து வளர்த்த பெரிய பட்டி இருந்தது என்பது என் கட்சி. அதை நிரூபிக்கும் பொறுப்பும் என் தலையில்தான்.

புதையல்

காட்டுக்குச் சொந்தக்காரர் தினமும் வந்து குழியோரம் குந்திக்கொள்வார். பொன் பானை வரும் என்று யாரோ அவரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். வந்ததோ ஒரு மாட்டின் தாடை எலும்பு. நான் அதைப் பதமாகக் கழுவித் துடைத்து வெயிலில் வைத்தேன். மனிதர் எழுந்து வேட்டியை உதறினார்.

“ஏனுங்க, இதுக்குத்தானுங்களா என்ற காட்டக் கேட்டீங்க? எங்க நாயி இதவிட நல்லாத் தோண்டுமுங்க!”

வேலி எங்கே?

மதராஸிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். எலும்புகளையும், நாக்கு விழுந்த மாட்டு மணி ஒன்றையும் காட்டினேன். பட்டி என்றால் வேலி இருக்க வேண்டும், அடுத்த முறை வரும்போது அதன் தடத்தைக் காட்டாவிட்டால் குழியை மூடிவிட வேண்டியதுதான் என்றார். மரவேலி உளுத்து மண்ணாகி எத்தனை காலமோ! குழி முழுக்க ஒரே நிறத்தில் புழுதி.

“நாலு எலும்பை வைத்துக்கொண்டு பட்டி என்கிறீர். கசாப்புக்கடை என்று நான் சொன்னால் என்ன செய்வீர்?”

சாணித் தண்ணீர்

அவர் மறுபடி வருகிற நாள். விடிந்ததும் போய்ப் பார்த்தால், குழிக்குள் பளிச்சென்று கூட்டிச் சாணித் தண்ணீர் தெளித்து, ஓரத்தில் கோலமும் போட்டிருந்தது! மண் சுமக்கும் பெண்களுக்குத் தலைவியான ராமாயியின் வேலை. பெரிய மனுஷர் வருகிற இடமாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஊருக்கே கேட்கும்படி கத்தினேன். அதற்குள் கார் வந்துவிட்டது.

வெயில் ஏற ஏறத் தரை காய்ந்து வெளுத்தது. ஆனால் அங்கங்கே வட்ட வட்டமாகச் சில இடங்கள் மட்டும் காயாமல் கறுத்தே நின்றன. ஒன்றையடுத்து ஒன்றாக, வரிசையாக, வளைவாக. கம்பங்கள் உளுத்த குழிகளில் சேர்ந்திருந்த பொலபொலத்த மண் ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது! அதிகாரி பூட்ஸைக் கழற்றிவிட்டு, அந்த வளைவோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து வந்து, “வேலிதான். தோண்டும்” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் உத்தியோகத்தில் அன்றைக்குப் போல நான் என்றைக்கும் நெஞ்சை நிமிர்த்தியதில்லை.

கார் போனதும் ராமாயி கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“கூட்டித் தெளிக்காத ஊட்டுல எது எங்க கெடக்குதுன்னு யாருக்குங்க தெரியும்? இதுக்குப் போயி அந்தக் கத்துக் கத்துனீங்களே சாமி!”

அதற்கப்புறம் எத்தனையோ குழிகள் தோண்டிவிட்டேன். சாணி தெளித்து முடியுமுன் எந்த அதிகாரியையும் உள்ளே விட்டதில்லை.