வெங்கிணாந்தி தண்ணீர் குடித்த நாள்

போன வருடம் ஆவணி மாதம். துணுக்காய்ப் பக்கம், காயப்பட்ட காட்டு விலங்குகளைப் பராமரிக்கும் ஒரு சிறிய இடத்தில் கூடுகளைப் பார்க்கும் வேலை எனக்கு. அங்கே இரண்டு வெங்கிணாந்திகள் இருந்தன. மலைப்பாம்பைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். பெரும்போக நெல் அறுவடையின்போது வெட்டு மெஷினில் அடிபட்டு வந்தவை.

தின்னக் கொடுக்கும் கோழியில் ஒரு குறையும் வைக்கவில்லை. தண்ணீர்ச் சட்டியை மட்டும் எடுத்துவிட்டேன். அவை அதற்குள் ஏறிப் படுத்துக் கவிழ்க்கும், கூடு சேறாகும், துடைப்பது நான். அதோடு, பாம்புக்குத் தண்ணீர் தேவையில்லை, தின்னும் கோழியிலேயே எல்லாம் இருக்கிறது என்று யாரோ சொன்ன கதை மனதில் நன்றாக ஒட்டியிருந்தது. பார்க்க வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும், ஏதோ பட்டம் வாங்கியவன் போல, அதையே அவிழ்த்துவிடுவேன். கிழமைக்கு ஒருதரம் குழாயால் கொஞ்சம் தெளிப்பேன். அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை காலை பெரியது செத்துக் கிடந்தது. மிருக வைத்தியர் வந்தார். இளம் பெண், சிரித்த முகம். தகரத் தட்டில் வைத்துப் பாம்பைத் திறந்தார். எங்களுக்குக் கோழி கொண்டு வரும் முஸ்லிம் வியாபாரியும் போகாமல் நின்று எட்டிப் பார்த்தார்; நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். இருதயம், ஈரல், சிறுநீரகம் எல்லாவற்றிலும் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

"இதென்ன டொக்டர், ஆரோ மாவில பிரட்டி எடுத்த மாதிரிக் கிடக்கு?" என்றார் நானா.

"யூரிக் அசிட், நானா. சிறுநீரகம் அதை வெளியில தள்ளாட்டி இப்பிடித்தான் உள்ளுக்குள்ள படிஞ்சு போகும்."

"யா அல்லா! என்ட கால் பெருவிரல்ல இருக்கிற அதே சாமானா?"

"ஓம், அதேதான். உங்களுக்கு மூட்டில, இதுக்கு இருதயத்தில."

நானா நொண்டியபடி ஓரடி பின்னால் போனார். "அப்ப இது எனக்குச் சொந்தக்காரன் எண்டு சொல்லுங்கோ!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. டொக்டர் என் பக்கம் திரும்பினார்.

"தண்ணி எந்த நேரமும் வச்சிருந்தனீங்களோ?"

"ஓம், டொக்டர்." யோசிக்கும் முன்னமே வாயில் வந்துவிட்டது.

"அப்ப கிருமியாத்தான் இருக்கும். மற்றதுக்கும் வாயில புண் கிடக்கு. இண்டைக்கே ஊசியைத் தொடங்குவம்."

சின்னதை நான் பிடித்துக்கொண்டேன். டொக்டர் மருந்தை ஊசிக்குள் இழுத்தபடி கதைத்தார். "நல்ல மருந்துதான். ஆனா உடம்பு வறண்டிருந்தா சிறுநீரகத்தை ஒரேயடியா அடிச்சுப்போடும். நல்ல காலம், நீங்கள் தண்ணி வச்சிருக்கிறீங்கள்."

என் விரல்களுக்குக் கீழே அதன் தோல் தொளதொளவென்று மடிந்து கிடந்தது. ஊசி கிட்ட வந்தது.

"டொக்டர், கொஞ்சம் நில்லுங்கோ! தண்ணி வைக்கேல்லை. ரெண்டு மாசமா வைக்கேல்லை. நான் பொய் சொல்லிப்போட்டன்."

ஏச்சு விழப்போகிறது என்று தலையைக் குனிந்தேன். அவர் ஊசிக்கு மூடியைப் போட்டார்.

"இப்பவாவது சொன்னீங்களே. ஓடிப்போய்ப் பெரிய பேசின் ஒண்டு கொண்டு வாங்கோ. ஊசி பிறகு."

"நான் கோழி விக்கிறவன், பாம்பு குளிப்பாட்டுறவன் இல்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே நானா சாரத்தை மடித்துக் கட்டி வால் பக்கம் பிடித்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் மெல்ல இறக்கினோம். கொஞ்ச நேரம் அசைவே இல்லை. பிறகு தலையைத் தாழ்த்தி, தொண்டை ஏறி இறங்க, மடக்கு மடக்கென்று குடிக்கத் தொடங்கியது.

"தம்பி, குடிக்குது! பாம்பு தண்ணி குடிக்காதெண்டு என்ட மகளுக்குப் படிப்பிச்சது நீதானே!" என்று நானா கத்த, டொக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இந்த முறை நானும் சிரித்தேன்; கண்ணும் கலங்கியது.

வறட்சி தீர்ந்த பிறகு டொக்டர் வேறு மருந்து கொடுத்தார். இரண்டு மாதத்தில் அது முழுசாகச் சட்டை கழற்றியது. காட்டோரம் கொண்டுபோய் விட்டபோது, திரும்பியும் பார்க்காமல் போய்விட்டது.

பெரியதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு குத்தும். ஆனால் அந்த அரை நிமிடத்தில் என் மானத்தைக் காப்பாற்றப் போயிருந்தால் சின்னதும் போயிருக்கும் என்று நினைக்கும்போது, எல்லோர் முன்னாலும் வெட்கப்பட்டு நின்ற அந்தக் காலையை விடப் பெருமையான காலை என் வாழ்க்கையில் வேறில்லை என்றே தோன்றுகிறது.